பிஎஃப் ஆபீஸ் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிய கதை: உங்க பணம் இதுல எங்க மாட்டிக்கும்?

பிஎஃப் பத்தி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும், "எல்லாம் ஆன்லைன்னு சொல்றாங்க, ஆனா என் கிளெய்ம் மட்டும் ஏன் ரிஜெக்ட் ஆகுது?"ங்கிற கேள்வி வராம இருக்காது. இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. ஒரு பெரிய அரசு அமைப்பு காகிதத்தை விட்டுட்டு கணினிக்கு மாறும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான் இந்தக் கேள்விக்குப் பதில் புரியும். புரிஞ்சுட்டா உங்க பணத்தை எப்படிப் பாதுகாக்கணும்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

முதல்ல ஒரு உதாரணம். கார்த்திக்னு ஒருத்தர் இருக்கார்னு வைச்சுக்குவோம். 2015-ல சென்னையில ஒரு சின்ன கம்பெனியில முதல் வேலை. பேசிக் சம்பளம் 15,000 ரூபாய். 3 வருஷம் வேலை பார்த்துட்டு 2018-ல விட்டுட்டார். நடுவுல மேல்படிப்பு, அப்புறம் பிஎஃப் இல்லாத ஒரு வேலை. 2022-ல இப்போதைய கம்பெனி. இங்கே மறுபடியும் பிஎஃப் பிடிக்கிறாங்க.

முதல் கம்பெனியில அவர் பங்கு மாசம் 12%, அதாவது 1,800 ரூபாய். கம்பெனியும் 1,800 போடும். ஆனா அதுல 8.33%, அதாவது 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போயிடும். மிச்சம் 550 தான் பிஎஃப் கணக்குல சேரும். ஆக மாசம் 2,350. மூணு வருஷத்துக்கு 84,600 ரூபாய். 8.25% வட்டின்னு வைச்சா மூணாவது வருஷ முடிவுல சுமார் 95,000. அதுக்கப்புறம் சேர்ந்த வட்டி தனி.

இப்போ வீட்டுல அம்மாவுக்கு ஆபரேஷன். பணம் வேணும். கார்த்திக் போர்ட்டலைத் திறக்கிறார். புது கம்பெனி கணக்கு தெரியுது. பழைய பணத்தைக் காணோம். கொஞ்சம் தோண்டினா பழைய கம்பெனியில அவருக்கு வேற ஒரு யுஏஎன் நம்பர் இருந்தது தெரிய வருது. அதுல பேர் "எஸ் கார்த்திக்". ஆதார்ல "கார்த்திக் செல்வராஜ்". பழைய கம்பெனியை விட்ட தேதி பதிவே ஆகலை. அந்தக் கம்பெனி கொரோனா சமயத்துல மூடிட்டாங்க.

பணம் எங்கேயும் ஓடிப் போகலை. அவர் பேர்லதான் பத்திரமா இருக்கு. ஆனா "அவர்"ங்கிறது யாருன்னு கணினிக்குத் தெரியலை. இந்த நிலைமை எப்படி வந்ததுன்னு பார்க்க, கொஞ்சம் பின்னாடி போகணும்.

காகித காலத்துல பிஎஃப் எப்படி நடந்தது?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல வந்தது. அதை நடத்துறது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கிற இபிஎஃப்ஓ. பல பத்தாண்டுகள் எல்லாமே காகிதம்தான்.

கம்பெனி ஒவ்வொரு மாசமும் புதுசா சேர்ந்தவங்க, விட்டுப் போனவங்க, கட்டின தொகைன்னு தனித்தனி படிவம் அனுப்பும். வருஷக் கடைசியில ஒவ்வொரு தொழிலாளிக்கும் படிவம் 3ஏ, மொத்தக் கம்பெனிக்கும் படிவம் 6ஏ. இதையெல்லாம் பிஎஃப் ஆபீஸ்ல உட்கார்ந்து பதிஞ்சு, வட்டி போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குச் சீட்டு அனுப்புவாங்க. அந்தச் சீட்டு கம்பெனிக்குப் போகும், கம்பெனி உங்க கையில கொடுக்கணும். கொடுத்தா உண்டு. இடைப்பட்ட மாசங்கள்ல கம்பெனி பணத்தைக் கட்டுச்சா இல்லையான்னு தொழிலாளிக்குத் தெரிய வழி கிடையாது.

வேலையை விட்டா படிவம் 19 பிஎஃப் பணத்துக்கு, 10சி பென்ஷன் பகுதிக்கு, நடுவுல அட்வான்ஸ் வேணும்னா 31, வேற கம்பெனிக்கு மாத்தணும்னா 13. பூர்த்தி பண்ணி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, பழைய கம்பெனியில சீலும் கையெழுத்தும் வாங்கணும். பழைய முதலாளியோட சண்டை போட்டுட்டு வந்திருந்தா அந்தக் கையெழுத்துக்கே மாசக்கணக்குல அலையணும். அப்புறம் அந்த ஃபைல் ஆபீஸ்ல கிளார்க், சூப்பர்வைசர், அதிகாரின்னு மேசை மேசையா நகரும்.

கணக்கு நம்பரும் கம்பெனிக்கு ஒண்ணு. சென்னையில பழைய ஆளுங்க சம்பளச் சீட்டைப் பார்த்தா டிஎன், எம்ஏஎஸ்னு ஆரம்பிச்சு, நடுவுல கம்பெனி நம்பர், கடைசியில தொழிலாளி நம்பர் இருக்கும். அந்த எம்ஏஎஸ் என்பது மெட்ராஸ். நாலு கம்பெனி மாறினா நாலு நம்பர், நாலு லெட்ஜர். ஒண்ணுக்கொண்ணு தொடர்பே கிடையாது.

முதல் மாற்றம்: காகிதம் போய் டேட்டா வந்தது

2012 ஏப்ரல்ல இசிஆர் முறை வந்தது. அதாவது கம்பெனி மாசாமாசம் ஒரே மின்னணு பட்டியலை ஏத்தணும். யாருக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம்னு வரிவரியா அதுல இருக்கும். அதுலேருந்தே செலானும் உருவாகும். 3ஏ, 6ஏ எல்லாம் தேவையில்லாம போச்சு.

கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா இதுதான் அஸ்திவாரம். அதுக்கு முன்னாடி உங்க கணக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் உயிர் பெறும். இசிஆர் வந்த பிறகு மாசாமாசம். இன்னைக்கு உங்க பாஸ்புக்ல மாசவாரியா பணம் ஏறுறது தெரியுதுன்னா அதுக்குக் காரணம் இதுதான்.

ஆனா இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். டேட்டாவை டைப் பண்றது கம்பெனியில இருக்கிற ஒரு எச்ஆர் அல்லது அக்கவுண்ட்ஸ் ஆள். அவர் "எஸ் கார்த்திக்"னு அடிச்சா அரசாங்கப் பதிவுலயும் "எஸ் கார்த்திக்"தான். பிறந்த தேதியில மாசமும் நாளும் இடம் மாறினா அதுவும் அப்படியே ஏறும்.

இரண்டாவது மாற்றம்: ஆளுக்கு ஒரு நம்பர்

2014 அக்டோபர்ல யுஏஎன் அறிமுகமாச்சு. 12 இலக்க நம்பர். கம்பெனி மாறினாலும் இது மாறாது. ஒவ்வொரு கம்பெனியிலயும் கிடைக்கிற மெம்பர் ஐடி இந்த நம்பருக்குக் கீழே வரும். கணக்கு முதல்ல கம்பெனியைச் சுத்தி இருந்தது. இப்போ ஆளைச் சுத்தி வந்தது.

ஒரு துறையை டிஜிட்டலா மாத்தறப்ப இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. படிவத்தை ஸ்கேன் பண்றதோ, கம்ப்யூட்டர் வாங்கறதோ பெரிய விஷயமில்லை. "இந்த ஆளும் அந்த ஆளும் ஒருத்தரே"ன்னு உறுதியா சொல்ற ஒரு அடையாளம் வேணும். அதுக்காக யுஏஎன்னோட ஆதாரை இணைச்சாங்க. 2021-லேருந்து ஆதார் இணைக்காத யுஏஎன்னுக்கு கம்பெனி இசிஆர் ஏத்தவே முடியாதுங்கிற நிலை வந்தது.

நம்ம கார்த்திக் எங்கே விழுந்தார்னு இப்போ புரியும். முதல் கம்பெனியில வேலை பார்த்தது அந்தக் கட்டாயம் வர்றதுக்கு முன்னாடி. ஆதார் இணைக்காமலே யுஏஎன் ஓடுச்சு. ரெண்டாவது கம்பெனியில சேரும்போது படிவம் 11-ல "இதுக்கு முன்னாடி பிஎஃப்ல இருந்தீங்களா?"ன்னு ஒரு கேள்வி இருக்கும். முதல் நாள் அவசரத்துல இவர் "இல்லை"ன்னு டிக் பண்ணிட்டார். ஆதாரோட புது யுஏஎன் உருவாச்சு. ஒரே ஆள், ரெண்டு அடையாளம்.

மூன்றாவது மாற்றம்: நடுவுல இருந்த கைகள் குறைஞ்சது

முதல் ரெண்டு மாற்றமும் பதிவு பத்தினது. மூணாவது, வேலை நடக்கிற விதத்தைப் பத்தினது. யாரோட கையெழுத்து நிஜமாவே தேவை, எது வெறும் பழக்கம்னு கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியா எடுக்க ஆரம்பிச்சாங்க. வருஷ வரிசையில பாருங்க.

2017: 19, 10சி, 31 மூணையும் சேர்த்து ஒரே கூட்டுப் படிவம். ஆதார் இணைச்சவங்களுக்குப் பணம் எடுக்க கம்பெனி கையெழுத்து வேண்டாம். அதே வருஷம் ஆன்லைன் கிளெய்ம்.

2020: வேலையை விட்ட தேதியைத் தொழிலாளியே பதியலாம்னு வந்தது. அதே வருஷம் சிகிச்சைக்கான அட்வான்ஸுக்கு ஆட்டோ செட்டில்மென்ட். அதாவது விதிக்கு உட்பட்டு இருந்தா கணினியே சரிபார்த்துப் பணத்தை அனுப்பும். ஆரம்பத்துல வரம்பு 50,000 ரூபாய். 2024 மே மாசம் 1 லட்சம் ஆச்சு. படிப்பு, கல்யாணம், வீடு இதுக்கான அட்வான்ஸும் சேர்ந்தது. 2025 ஜூன்ல வரம்பு 5 லட்சம்.

2025 ஜனவரி: பென்ஷனுக்கு மத்தியப்படுத்தப்பட்ட முறை முழுசா நடைமுறைக்கு வந்தது. 122 வட்டார அலுவலகங்கள் தனித்தனியா சில வங்கிகளோட ஒப்பந்தம் வைச்சுக் கொடுத்துட்டு இருந்த பென்ஷன், இப்போ ஒரே இடத்துலேருந்து எந்த வங்கிக்கும் போகுது. 68 லட்சம் பென்ஷன்தாரர்கள் இதுல வர்றாங்க. உங்க அப்பாவோ தாத்தாவோ இபிஎஃப் பென்ஷன் வாங்கினா, ஊர் மாறினாலும் வங்கி மாறினாலும் ஃபைலை மாத்த அலைய வேண்டியதில்லை.

2025 ஏப்ரல்: கிளெய்மோட செக் லீஃப் படம் ஏத்தத் தேவையில்லை. வங்கிக் கணக்கை இணைக்க கம்பெனி ஒப்புதல் தேவையில்லை. பணத்தை ஒரு கணக்குலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்ப, முன்னாடி அனுப்பற ஆபீஸ், வாங்கற ஆபீஸ் ரெண்டுலயும் ஒப்புதல் வேணும். இப்போ அனுப்பற ஆபீஸ் ஒப்புதல் கொடுத்தா போதும், பணம் தானா புதுக் கணக்குல சேரும்.

செக் லீஃப் விஷயம் நல்ல பாடம். கணக்கு உங்களுதுதான்னு வங்கியே கணினி வழியா உறுதி சொன்ன பிறகு, அந்தக் காகிதத்தோட படம் எதுக்கு? ஆனா ஆன்லைன் கிளெய்ம் வந்து பல வருஷம் அது தொடர்ந்தது. படம் மங்கலா இருக்கு, பேர் தெரியலைன்னே நிறைய பேர் கிளெய்ம் திரும்பி வந்தது. காகித முறையை அப்படியே கணினியில ஏத்தினா காகிதத்தோட தொல்லையும் கூடவே ஏறிடும். படிவத்தை மட்டும் மாத்தினா போதாது, விதியையும் மாத்தணும்னு சொல்றது இதனாலதான்.

அப்போ ஏன் இன்னும் ரிஜெக்ட் ஆகுது?

காகித காலத்துல ஒரு கிளார்க் படிவத்தைப் பார்ப்பார். "எஸ் கார்த்திக், அப்பா பேர் செல்வராஜ்"னு இருக்கும். ஆதார் நகல்ல "கார்த்திக் செல்வராஜ்". அவர் நம்ம ஊர்க்காரர். இனிஷியல்னா என்னன்னு அவருக்குத் தெரியும். அந்த எஸ்தான் செல்வராஜ்னு ஒரு நொடியில புரிஞ்சு, ஃபைலை அடுத்த மேசைக்குத் தள்ளிடுவார். அவர் மெதுவா வேலை செஞ்சிருக்கலாம், நம்மளை அலைய விட்டிருக்கலாம். ஆனா இந்த மாதிரி ஒரு புரிதல் அவர்கிட்ட இருந்தது.

கணினிக்கு அது கிடையாது. அதுக்கு எழுத்து பொருந்தணும், அவ்வளவுதான். முதல் பேர், கடைசிப் பேர்னு பிரிச்சுக் கேட்கிற படிவங்கள் தமிழ்நாட்டுப் பேருக்கு ஒத்தே வராது. பத்தாவது மார்க் ஷீட்ல பேருக்குப் பின்னாடி இனிஷியல், பான் கார்டுல அப்பா பேர் முழுசா, வங்கியில பேருக்கு முன்னாடி இனிஷியல். நமக்கு இது எல்லாமே ஒரே பேர். கணினிக்கு மூணு ஆள்.

ஆக நடந்தது என்னன்னா, வேலை வேகமாச்சு, ஆனா பதிவு சரியா இருக்கணும்ங்கிற பொறுப்பு ஆபீஸ்லேருந்து உங்க தலைக்கு மாறிடுச்சு. பதிவு சுத்தமா இருக்கறவங்களுக்குச் சில நாள்ல பணம் வருது. பதிவுல ஒரு எழுத்து தப்பா இருக்கறவங்க அதே வேகத்துல ரிஜெக்ட் ஆகறாங்க. இதை யாரும் உங்களுக்குக் கடிதம் போட்டுச் சொல்லலை. அதனாலதான் இந்தக் கட்டுரை.

பேர் தப்பா இருந்தா என்ன பெரிய நஷ்டம்?

"எப்படியும் பணம் அங்கேயே இருக்கு, வட்டியும் வருது, அப்புறம் பார்த்துக்கலாம்"னு தோணும். மூணு இடத்துல நிஜமான நஷ்டம் இருக்கு.

ஒண்ணு, வரி. தொடர்ந்து 5 வருஷம் சர்வீஸ் முடியறதுக்குள்ள பிஎஃப் பணத்தை முழுசா எடுத்தா அதுக்கு வரி உண்டு. தொகை 50,000 அல்லது அதுக்கு மேல இருந்தா, பான் கொடுத்திருந்தாலும் 10% டிடிஎஸ் பிடிப்பாங்க. பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாத்தினா பழைய சர்வீஸும் சேர்ந்து எண்ணப்படும். கார்த்திக் ரெண்டையும் சேர்த்தா 5 வருஷம் தாண்டிடுவார். தனியா பழைய 3 வருஷப் பணத்தை மட்டும் எடுத்தா வரிக்குள்ள வருவார்.

ரெண்டு, பென்ஷன். இபிஎஸ் பென்ஷனுக்குத் தகுதி வரணும்னா 10 வருஷ சர்வீஸ் வேணும். சேர்க்கப்படாத பழைய சர்வீஸ் அந்தக் கணக்குல வராது. ஒன்பது வருஷத்துல நிக்கறவருக்கு, மறந்துபோன ஒரு பழைய கம்பெனியோட 8 மாசம் எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க.

மூணு, குடும்பம். பிஎஃப்ல இருக்கிறவங்க வேலையில இருக்கும்போதே இறந்துபோனா இடிஎல்ஐ காப்பீட்டுல குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும். அதோட பிஎஃப் பணம், குடும்ப பென்ஷன். நாமினேஷன் போர்ட்டல்ல ஏறலைன்னா, துக்க வீட்டுல இருக்கறவங்கதான் காகிதம் தூக்கிட்டு அலையணும். அதுவும் நம்ம பேர்ல இருக்கிற தப்பைத் திருத்த நாமளே இல்லாதப்ப.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

யுஏஎன் மெம்பர் போர்ட்டலைத் திறங்க. வரிசையா பாருங்க.

1. பேர், பிறந்த தேதி, பாலினம். ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். ஆதார்லயே தப்புன்னா முதல்ல அதைத் திருத்துங்க. பிஎஃப் பதிவு அதைப் பார்த்துதான் சரிபார்க்கும்.

2. தப்பு இருந்தா திருத்தம். உங்க யுஏஎன் 2017 அக்டோபர் 1-க்கு அப்புறம் கிடைச்சு, ஆதாரோட சரிபார்க்கப்பட்டிருந்தா நிறைய விவரங்களை நீங்களே ஆன்லைன்ல திருத்தலாம். 2025 ஜனவரியில வந்த வசதி இது. பேர், பிறந்த தேதி, அப்பா அம்மா பேர், திருமண நிலை, சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் இதுல அடக்கம். யுஏஎன் அதுக்கு முன்னாடி கிடைச்சதா இருந்தா கம்பெனி வழியா போகணும். இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் 2017-க்கு அப்புறம் வேலைக்கு வந்திருப்பீங்க. உங்களுக்கு வேலை சுலபம்.

3. கேஒய்சி. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூணும் "வெரிஃபைட்"னு இருக்கா? முதல் வேலையில திறந்த சம்பளக் கணக்கை மூடிட்டு அதையே இங்கே விட்டு வைச்சிருக்கறவங்க நிறைய. ஆதார்ல இருக்கிற மொபைல் நம்பர் இப்போ உங்க கையில இருக்கிறதுதானான்னும் பாருங்க. ஓடிபி அதுக்குத்தான் வரும்.

4. சர்வீஸ் ஹிஸ்டரி. நீங்க வேலை பார்த்த எல்லாக் கம்பெனியும் வரிசையா இருக்கணும். ஏதாவது ஒண்ணு இல்லைன்னா உங்களுக்கு இன்னொரு யுஏஎன் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதி, விட்ட தேதி ரெண்டும் இருக்கணும். விட்ட தேதி காலியா இருந்தா, கடைசியா பணம் கட்டின மாசத்துலேருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே பதியலாம்.

5. பாஸ்புக். பழைய கம்பெனிப் பணம் புதுக் கணக்குக்கு வந்துருச்சா? வேலை மாறினா டிரான்ஸ்ஃபர் தானா நடக்கிற வசதி இருக்கு. ஆனா நடந்துதான்னு நீங்கதான் பார்க்கணும். நடக்கலைன்னா போர்ட்டல்ல படிவம் 13 போடுங்க. சில பெரிய கம்பெனிகள் பிஎஃப்பை சொந்த டிரஸ்ட் மூலம் நடத்தும். அவங்க பாஸ்புக் இந்த போர்ட்டல்ல வராது, கம்பெனியில கேட்கணும்.

6. மாசாமாசம் பணம் ஏறுதா? கம்பெனி அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கட்டணும். சம்பளச் சீட்டுல பிடிச்சிட்டு பாஸ்புக்ல ஏறலைன்னா உஷாராகுங்க. ஒரு மாசம் தாமதம்னா எச்ஆர்கிட்ட கேளுங்க. தொடர்ந்து நடந்தா இபிஎஃப்ஓ குறைதீர் போர்ட்டல்ல புகார் பண்ணுங்க. காகித காலத்துல இதைக் கண்டுபிடிக்கவே வருஷம் ஆகும். இன்னைக்கு ஒரு நிமிஷம்.

7. இ-நாமினேஷன். கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி போட்டது கல்யாணத்துக்கு அப்புறம் செல்லாது. புதுசா போடணும். குழந்தை பிறந்தாலும் சேர்த்துடுங்க.

இதுல எதையும் செஞ்சு கொடுக்கறேன்னு சொல்ற ஏஜென்ட்டுக்கு யுஏஎன் பாஸ்வேர்டோ ஓடிபியோ கொடுக்காதீங்க. இது எல்லாமே இலவச சேவை. ஓடிபி கொடுத்தா உங்க கையெழுத்தையே கொடுத்த மாதிரி.

எல்லாம் சரியா இருந்தா ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப்ஆ சேமிச்சு வைங்க. பழைய ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. டிஜிட்டல் பதிவு தப்புன்னு நிரூபிக்க அன்னைக்குத் தேவைப்படறது காகிதம்தான்.

கார்த்திக்குக்கு என்ன வழி?

வழி இருக்கு. கொஞ்சம் நடக்கணும். பழைய யுஏஎன்ல ஆதார் கிடையாது, திருத்தம் போட கம்பெனியும் கிடையாது. இந்த நிலையில ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தைக் காகிதத்துல பூர்த்தி பண்ணி, கெசட்டட் அதிகாரி மாதிரி விதியில சொல்லியிருக்கிற ஒருத்தர்கிட்ட சான்றொப்பம் வாங்கி, சம்பந்தப்பட்ட பிஎஃப் ஆபீஸ் கவுன்டர்ல கொடுக்கலாம். கம்பெனி மூடியிருந்தா இப்படிச் செய்யலாம்னு இபிஎஃப்ஓவே வழி வைச்சிருக்கு. சென்னைக் கணக்குன்னா ராயப்பேட்டை ஹை ரோட்டுல இருக்கிற ஆபீஸ். கூடவே பழைய ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறின வங்கி ஸ்டேட்மென்ட் நகல்.

பேர் சரியான பிறகு விட்ட தேதி. அப்புறம் பழைய யுஏஎன்லேருந்து புது யுஏஎன்னுக்கு டிரான்ஸ்ஃபர். இந்த வரிசையை மாத்தாதீங்க. பேர் பொருந்தாம டிரான்ஸ்ஃபர் போட்டா திரும்பி வரும், நாள்தான் வீணாகும். பதில் வரலைன்னா குறைதீர் போர்ட்டல்ல பதிவு பண்ணுங்க. மாசாமாசம் 27-ம் தேதி மாவட்டங்கள்ல "நிதி ஆப்கே நிகட்"னு இபிஎஃப்ஓ முகாம் நடத்துது. அங்கே ஃபைலோட நேர்ல போகலாம்.

ஆனா இதெல்லாம் முடிய நாள் ஆகும். ஆபரேஷன் காத்திருக்காது. கார்த்திக்குக்கு இப்போதைக்குக் கை கொடுக்கிறது புதுக் கணக்குல இருக்கிற பணமும், தனியா சேர்த்து வைச்ச அவசரகால நிதியும்தான். பிஎஃப்பை அவசர நிதியா நினைக்காதீங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதனாலதான். ஆட்டோ செட்டில்மென்ட் வரம்பு 5 லட்சம்னு செய்தியில வரும். உங்க பதிவு சுத்தமா இருந்தாதான் அந்த 5 லட்சம் உங்களுக்கு.

கடைசியா ஒண்ணு

இது பிஎஃப்புக்கு மட்டும் இல்லை. வருமான வரி, பத்திரப்பதிவு, பட்டா, ரேஷன் கார்டுன்னு ஒவ்வொரு துறையும் இதே பாதையிலதான் போகுது. எந்தத் துறை ஆன்லைனுக்கு மாறினாலும் மூணு கேள்வி கேளுங்க. என் பழைய பதிவு புது முறைக்குச் சரியா ஏறியிருக்கா? அங்கே என்னை எந்த நம்பரால அடையாளம் காண்கிறாங்க, அதுல என் பேர் எப்படி இருக்கு? தப்பு இருந்தா திருத்தறது யார் கையில, என்கிட்டயா, வேற யார்கிட்டயாவதா?

பணம் தேவைப்படாத ஒரு சாதாரண நாள்ல இந்தக் கேள்விகளைக் கேளுங்க. ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர்ல நின்னுட்டு, ஒரு கையில போனை வைச்சுக்கிட்டு "நேம் மிஸ்மேட்ச்"னு வர்றதைப் படிக்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

விதிகளும் வரம்புகளும் அடிக்கடி மாறுது. கிளெய்ம் போடறதுக்கு முன்னாடி இபிஎஃப்ஓ இணையதளத்துல அன்னைய விதியை ஒரு தடவை பார்த்துக்குங்க. பேர் திருத்தம் போடறது எப்படின்னு அடுத்த வீடியோவுல ஸ்கிரீனைக் காட்டியே செஞ்சு பார்க்கலாம். அதுக்குள்ள உங்க ஆதார் கார்டையும் யுஏஎன் புரொஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வைச்சு, பேரை எழுத்துக் கூட்டி ஒரு தடவை படிச்சுடுங்க. சந்திப்போம்.